ரிகுவின் காதில் சோயா

சிவப்பு அரக்கன் முகமூடியை மாட்டிக்கொண்டு, அப்பா கதவைத் தள்ளித் திறந்து வீடே அதிரும்படி உறுமினார்.

"அரக்கனே வெளியே போ! அதிர்ஷ்டமே உள்ளே வா!"

சுமிரே இப்படிக் கத்திக்கொண்டே வறுத்த சோயா விதைகளை அள்ளி அள்ளி அப்பாமேல் எறிந்தாள். சோயா எறிந்து அரக்கனை விரட்டுவது ஜப்பானிய வழக்கம்; குளிர்காலம் முடியும் அந்த மாலையில் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கூச்சல்தான்.

தம்பி ரிகு மட்டும் அரக்கனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மை ரயில் ஓட்டிக்கொண்டிருந்தான். போன வருடம் அலறியடித்து அலமாரிக்குள் ஒளிந்தவன்!

"டேய் ரிகு!"

ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. சுமிரே தோளைத் தட்டியதும் திரும்பினான்.

"என்னக்கா?" என்று கத்தினான்.

அவன் காதைப் பார்த்த சுமிரேவுக்குத் திக்கென்றது. உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"அம்மா! இவன் காதுல சோயா!"

அவள் விரல் நீட்டிய இடத்தை ரிகு பெருமையாகத் தொட்டுக் காட்டினான். "நான்தான் வச்சேன். அரக்கன் சின்ன ஓட்டை வழியாக்கூட வந்துடுவானாம். சோயாவப் பாத்தா ஓடிடுவான்ல?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா முகமூடியோடே ஓடி, காது குடையும் மூங்கில் குச்சியை எடுத்து வந்தார்.

"அசையாம படு. ஒரே நெம்பு!"

"வேணாம்ப்பா!" சுமிரே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள தள்ளிட்டா செவிப்பறை கிழிஞ்சிடும். அது காகிதம் மாதிரி மெல்லிசுன்னு டீச்சர் சொன்னாங்க. அதுக்குப் பின்னாடி குட்டிக் குட்டி எலும்புங்க வேற இருக்கு. அப்புறம் ரிகுவுக்குக் காதே கேக்காமப் போயிட்டா?"

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்போ தண்ணி ஊத்தலாம். தானா வழுக்கிட்டு வந்துடும்," என்று அம்மா கிண்ணத்தோடு வந்தாள்.

"ஐயோ அம்மா! நீ ஊறவைக்கிற சோயா காலையில எவ்வளவு பெரிசாகுது?"

அம்மா சட்டென்று கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"டாக்டர்கிட்ட போகலாம். இப்பவே!" என்றாள் சுமிரே.

தெருமுனையில்தான் காது டாக்டர் இருந்தார். நெற்றியில் ஏற்றிவிட்ட முகமூடியோடு அப்பா நுழைந்ததும், காத்திருந்த பாட்டி ஒருத்தி துள்ளி எழுந்தாள்.

டாக்டரம்மா வளைந்த மெல்லிய கம்பியால் சோயாவை மெதுவாக இழுத்து எடுத்தார். காதுக்குள் பார்க்கும் கேமராவின் திரையில் செவிப்பறை முத்துச்சிப்பியின் உட்புறம்போல் பளபளத்தது.

"ஒரு கீறல்கூட இல்ல. குச்சி, தண்ணி எதுவும் விடலையே?"

"சேச்சே!" என்றார் அப்பா, சுமிரேயைப் பார்க்காமல்.

டாக்டரம்மா மறுபக்கம் குனிந்தார். "அடக் கடவுளே! இங்கேயும் ஒண்ணு!"

"ரெண்டு கதவையும் மூட வேணாமா?" என்றான் ரிகு.

அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "டேய்... மூக்குல?"

"மூச்சு விடணுமேப்பா!"

இரண்டாவது சோயாவும் தட்டில் விழுந்தது. சுமிரே தம்பியின் காதருகே போய்ப் பயந்துகொண்டே கேட்டாள். "ரிகு, கேக்குதாடா?"

ரிகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"ஏன்க்கா இப்படிக் கத்துற?"