எங்கிருந்து வருகிறது இந்தச் சூடு

என்ஜின் செத்து வெகுநேரமாகியும் வேனுக்குள் சூடு வந்துகொண்டிருந்தது. கெஸ்கில் முதலில் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது சந்தோஷப்பட்டான். சந்தோஷம் அடங்கிய பிறகுதான் டாஷ்போர்டைப் பார்த்தான். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் அடியில் படுத்துக் கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே மைனஸ் ஐம்பத்துநாலு. சூடு வர எந்த வழியும் இல்லை. ஆனாலும் டாஷ்போர்டின் நடுவிலிருந்த காற்றுத்துளை அவன் முகத்தில் இதமாக ஊதிக்கொண்டிருந்தது.

சைபீரியாவின் வில்யூய் ஆறு உறைந்து கிடக்கும் மாதங்களில் ஆற்றின் முதுகுதான் சாலை. மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். நிறைமாத மனைவி நார்யானாவை மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கிளம்பியவன், குளிரில் டீசல் குழாய்க்குள்ளேயே கட்டிதட்டியதால் நடு ஆற்றில் நின்றுவிட்டான். இந்தப் பக்கத்தில் குளிர்காலம் முடியும்வரை யாரும் என்ஜினை அணைப்பதில்லை, அணைந்தால் அதற்கு மறுபடி உயிர் வராது. போனில் சிக்னல் இல்லை. எப்படியும் எதிர்த்திசையில் நிலக்கரி லாரிகள் வரும். அதுவரை அவளைச் சூடாக வைத்திருக்க வேண்டும், அவளையும் அவள் வயிற்றிலிருப்பதையும். அவ்வளவுதான் அவன் வேலை.

அதற்கென்றே அவனிடம் ஒரு சாமான் இருந்தது. நொறுங்கிப்போன ஜப்பான் மின்கார் ஒன்றிலிருந்து கழற்றி, இலையுதிர்காலம் முழுக்க மாரடித்து வேனில் பொருத்திய, பேட்டரியில் ஓடும் ஹீட் பம்ப். அது சூட்டை உண்டாக்காது. ஓரிடத்தில் இருப்பதை உறிஞ்சி இன்னோரிடத்தில் விடும். நின்றுபோன என்ஜினின் தண்ணீரில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பைக்கூட வழித்தெடுத்து உள்ளே கொண்டுவந்துவிடும். ஊரே கேலி செய்தது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடிவாதத்தில் அவனை யாரும் மிஞ்ச முடியாது.

வண்டி நின்றதும் நார்யானா சாப்பாட்டுப் பையைப் பிரித்தாள்.

"நெருப்புக்குக் குடுக்காம நான் வாயில வைக்கமாட்டேன்."

"இங்க ஏதுடி நெருப்பு?"

"சூடு வர்ற எடந்தான் அடுப்பு. இது உன் அடுப்பு, மெக்கானிக் தொர. கைய எடு." வெண்ணெய் தடவிய அப்பத்தில் ஒரு விள்ளல் கிள்ளித் துளைக்குள் தள்ளினாள். "எங்ககிட்ட உள்ளத எடுத்துக்க. எங்களச் சூடா வச்சிரு."

"உள்ள வெண்ணெ போச்சுன்னா எவன் கழுவுறது?"

"உம் புள்ள வந்து கழுவும்."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்களுடைய சகா இனத்தார் வீடுகளில் அடுப்புக்கு ஊட்டும்போது இது அப்பம், இது வெண்ணெய் என்று பேர் சொல்லித்தான் கொடுப்பார்கள். எங்களிடம் உள்ளதை என்று மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. அவளுக்கும் அது தெரியும். விளையாட்டுப் பேச்சில் வாய்தவறி வந்துவிட்டது. அவன் திருத்தவில்லை.

இப்போது அவள் பக்கத்து இருக்கையில் மான்தோலைப் போர்த்திக்கொண்டு கண்மூடிக் கிடந்தாள். அவளை எழுப்பாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவன் இறங்கினான்.

விட்ட மூச்சு காதருகே சரசரவென்று உறைந்து உதிர்ந்தது. காலுக்கடியில் எங்கோ ஆழத்தில் பனிப்பாளம் முனகியது. பானெட்டைத் தூக்கினான். என்ஜின் கல்லாகிக் கிடந்தது, கையுறையைத் தாண்டி அதன் குளிர் எலும்பில் கடித்தது. தண்ணீர்க்குழாயை அழுத்தினால் விறைத்துக்கொண்டு நின்றது. ஆனால் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, வயிறு நிறைந்த பூனையைப் போல மெல்ல உறுமியபடி. அது சூட்டை உறிஞ்சும் குழாய்மேல் பனி பூத்திருந்தது. எதிலிருந்து உறிஞ்சுகிறதோ அந்தப் பக்கம்தான் பூக்கும். டார்ச் வெளிச்சத்தைப் பனியின் மேலேயே நகர்த்திக்கொண்டு போனான். அது என்ஜின் பக்கம் போகவில்லை. தகட்டுச் சுவரைக் கடந்து உள்ளே போயிருந்தது.

உள்ளே, பக்கத்து இருக்கை இருக்கும் இடத்துக்கு.

அவன் ஓடிவந்து கதவைத் திறந்தான். கதகதப்பு முகத்தில் மோதியது. கழுத்துப்பட்டியைத் தளர்த்தவேண்டிய அளவுக்குக் கதகதப்பு.

"கெஸ்கில்," என்றாள் கண் திறக்காமல். "குளிருது."

"குளிருதா? எனக்கு வேர்த்து ஊத்துது."

"காலு எங்க இருக்குன்னே தெரியல."

குழாயில் கண்டதை அவன் நம்ப விரும்பவில்லை. அவன் செய்த பம்ப் அது. அவன் கையால் வைத்த குழாய். பயத்தில் கண் எதையோ காட்டியிருக்கும். தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான். பம்பின் சூடு கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினான்.

காற்று சீறிக்கொண்டு வந்தது. அதில் ஒரு வாசனையும் இருந்தது. டீசல் வாசனை இல்லை, சூடான ரப்பர் வாசனையும் இல்லை. பழகிய வாசனை. தூங்கி எழுந்த தலைமுடியும், கழுத்து வியர்வையும், லேசாகப் பாலும் கலந்த வாசனை. தினமும் விடியலில் அவன் முகம் புதைக்கும் இடத்தின் வாசனை.

"நார்யா."

அவள் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் உள்ளே பனி படர்ந்திருந்தது. அவள் இமைமுடிகள் வெளுத்திருந்தன. கன்னத்தைத் தொட்டான். விரல் ஒட்டிக்கொண்டது, குளிர்காலத்தில் வெறுங்கையால் பூட்டைத் தொட்டதுபோல.

"ஐயோ. ஐயோ, நார்யா. எழுந்திரு. வெளையாடாத."

திருகைத் திருப்பிப் பம்பை அணைத்தான். காற்று நிற்கவில்லை.

தன் இருக்கைக்கு அடியிலிருந்த பேட்டரியின் ஒயரைப் பிடுங்கினான். பம்பின் உறுமல் செத்தது. காற்று நிற்கவில்லை.

துளையைக் கையால் பொத்தினான். உள்ளங்கையை இதமாக நக்கியது. கீழ்த்துளையில் வந்தது. ஓரத்துளையில் வந்தது. கோட்டைத் துளைகளுக்குள் திணித்தான். தையல் வழியாக வந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடலாம். எங்கே ஓடுவது? எந்தக் கரையிலும் ஒரு விளக்கு இல்லை. வெளியே போனாலும் சாவு, உள்ளே இருந்தாலும் சாவு. தன் மார்பை அவள் மார்போடு அழுத்திக் கட்டிக்கொண்டான். சட்டைக்குள் கையை விட்டுத் தேய்த்தான், முத்தமிட்டான், கத்தினான், காதில் ஊதினான். என்னிடமிருந்து எடுத்துக்கொள் என்று துளையைப் பார்த்துக் கெஞ்சினான். பேர் சொல்லிக் கொடுத்தான், என் கை, என் கால், என் ரத்தம் என்று ஒவ்வொன்றாக. அது வாங்கிக்கொள்ளவில்லை, ஊட்டியவளிடமிருந்துதான் எடுத்தது. அவனை அது சூடாக வைத்திருந்தது. அப்படித்தானே கேட்டார்கள்.

அவள் மூச்சு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கத்திக்கொண்டிருந்தபோதுதான் நின்றிருக்க வேண்டும்.

காற்றும் நின்றது.

அப்படியொரு அமைதி. ஆறுகூட முனகவில்லை. அவன் அவள் மடியில் தலைசாய்த்து, வயிற்றின்மேல் கன்னத்தை வைத்துத் தேம்பினான். தோல் பலகைபோல இறுகிக் கிடந்தது.

உள்ளேயிருந்து ஓர் உதை.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். உயிரோடு இருக்கிறது. அவன் பிள்ளை உயிரோடு இருக்கிறது.

மறுபடி உதைத்தது. அதே நேரம் துளையிலிருந்து ஒரு சின்ன ஊதல், வெதுவெதுப்பாக, அவன் பிடரியில் பட்டது.

உதை. ஊதல்.

உதை. ஊதல். முன்னதைவிடக் கொஞ்சம் மெலிவாக.

"வேண்டாண்டா," என்றான். இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டான். "அசையாத கண்ணு. அப்பா சொல்றேன். அசையாமப் படு. ஒதைக்காத, தங்கம், ஒதைக்காத..."

அப்பாவின் குரல் கேட்ட பக்கமாகப் பிள்ளை புரண்டது. காலை நன்றாக நீட்டி உதைத்தது. அவன் நனைந்த கன்னத்தில் சூடு இதமாகப் பரவியது.