மூக்கைத் தொட்ட முன்முடி

டயனாவைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லாரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். களப்பில் மீன்குஞ்சு மாதிரி நீந்துவாள். கணக்கில் புலி. வலையில் சிக்கிய நண்டைக் கடி வாங்காமல் கழற்றுவாள். சொன்ன பேச்சையும் கேட்பாள்.

அவளுடைய முன்முடிதான் யார் பேச்சையும் கேட்காது.

அதற்குக் காரணம் அல்பொன்சா சின்னம்மா. அவர் சிலாபத்தில் அழகுக்கலை படித்துவிட்டு, புதுக் கத்தரிக்கோலோடு கற்பிட்டிப் பக்கம் திரும்பி வந்தார். வந்த முதல் வேலையாக டயனாவைக் கதிரையில் இருத்தி, நெற்றிக்கு மேலே முன்முடி வெட்டினார்.

இடப் பக்கம் நீளமாய்த் தெரிந்தது. அதைக் கொஞ்சம் வெட்டினார். இப்போது வலப் பக்கம் நீளம். அதையும் வெட்டினார். அடடா, மறுபடி இடப் பக்கம்! கடைசியில் டயனாவின் நெற்றியில் ஒரு பல் துலக்கும் பிரஷ் முளைத்திருந்தது.

"பயப்படாத புள்ள, ரெண்டு மாசத்துல வளர்ந்திரும்" என்றார் சின்னம்மா.

அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்மஸ் வந்து போய்விட்டது. முடியோ புருவம் வரைக்கும் வரும், அங்கேயே நிற்கும். ஒரு நூல் அளவுகூடக் கீழே இறங்காது. அவளுக்கு இயல்பிலேயே மெல்லிய முடி. தொட்டால் பஞ்சு போல இருக்கும்.

பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டு போகவேண்டும். நெற்றியில் ஒரு முடியும் விழக்கூடாது. அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அம்மா சீப்பைத் தண்ணீரில் தோய்த்து, முன்முடியை இழுத்துப் பின்னால் படிய வாருவார். 'டிக்' என்று ஒரு கிளிப். 'டிக்' என்று இன்னொரு கிளிப். பிறகு தன் தலையில் ஒரு சீலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கருவாடு காயப்போடும் வாடிக்கு வேலைக்கு ஓடிவிடுவார்.

"அம்மா, நோகுது!"

"நொந்தாத்தான் நிக்கும். எங்கட குடும்பத்து முடி இப்படித்தான். எனக்கும் முன்னுக்கு வளராது. உனக்கும் வளராது."

அந்த வருடம் பங்குச் சுவாமி ஒரு சந்தோசமான செய்தி சொன்னார். மார்கழி மாதம் நடக்கும் மாதா திருவிழாவில், சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுப் பூத் தூவும் பிள்ளைகளில் டயனாவும் ஒருத்தி! அவள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அவளைப் பார்த்தார். சந்தோசப்பட்டார். பிறகு கிளிப்பை மீறிச் சிலிர்த்து நின்ற முடியைப் பார்த்தார்.

"இந்தத் தலையோடயா மாதாவுக்கு முன்னால போகப்போற? திருவிழா வரைக்கும் பார்ப்பன். அதுக்குள்ள இது பின்னலுக்குள்ள போகாட்டி, பொடியன் மாதிரி ஒட்ட வெட்டிவிட்டிருவன். சொல்லிட்டன்."

"ஹை! பூப்போடுற பொடியன்!" என்று கத்தினான் அண்ணன் யூட்.

டயனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சொன்னால் செய்வார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து வந்த சனிக்கிழமை, அப்பா பஸ்தியான் கரையில் உட்கார்ந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தங்கூசி என்ற மெல்லிய நைலோன் நூலில் பின்னிய வலை அது. டயனா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புது வலை. எப்பிடித்தான் கிழியுதோ! நூல் சரியில்லப் போல" என்று அப்பா புறுபுறுத்தார்.

டயனா வலையை விரித்துப் பார்த்தாள். இங்கே ஒரு ஓட்டை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று.

"அப்பா, ஓட்டை எல்லாம் ஒரே கோட்டுலயே இருக்குது பாருங்க."

"எங்க?"

"இந்தா. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ஒரே இடத்துலதான் அறுந்திருக்கு. மற்ற இடமெல்லாம் நல்லா இருக்கு. நூல் பிழையெண்டா எல்லா இடத்துலயும் அறுந்திருக்கும்தானே?"

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். எழுந்துபோய் வள்ளத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். வலை இழுக்கும் இடத்தில் விளிம்பு வெடித்து, முள்ளு மாதிரிக் கிளம்பி நின்றது. தினமும் வலை அதில்தான் உரசியிருக்கிறது.

"அட! என்ட புள்ளைக்குக் கழுகுக் கண்!" அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வள்ளத்துக்காரரிடமும் கூப்பிட்டுச் சொன்னார். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி விளிம்பில் சுற்றிக் கட்டினார்.

டயனா அங்கே நிற்கவில்லை. அவள் வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். நேரே அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள்.

முன்முடியைக் கீழே இழுத்தாள். எல்லாம் புருவத்தில் ஒரே கோடாக முடிந்தது. அதைப் பின்னால் வாரினாள். நுனி எங்கே வருகிறது? சரியாகக் கிளிப் பூட்டும் இடத்தில்!

கிளிப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் பல்லுக்குள் குட்டிக் குட்டியாக அறுந்த முடிகள்.

"வளராம இல்ல. வளர்ந்து வளர்ந்து அறுபடுது!" என்று கண்ணாடியில் தெரிந்த டயனாவிடம் சொன்னாள் டயனா.

அம்மா வந்ததும் கிளிப்பைக் காட்டினாள். களைத்து வந்த அம்மா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முடியக் கட்டாம டீச்சர் விடுவாவா?"

"நானே கட்டுறன் அம்மா. நீங்க தொடாதீங்க, அவ்வளவுதான். டீச்சர் ஏசினா அந்த ஏச்ச நான் வாங்கிக்கொள்ளுறன்."

அம்மாவுக்கும் காலையில் ஒரு வேலை குறைந்தால் நல்லதுதானே. "சரி, செய்" என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து பார்க்கவேண்டுமே இவளுடைய கவனத்தை! ஈரத் தலையை வாரமாட்டாள். காயும்வரை காத்திருப்பாள். சிக்கு எடுக்கும்போது, சிக்கிய வலையைப் பிரிப்பது மாதிரி நுனியிலிருந்து தொடங்குவாள். கிளிப்புக்குப் பதிலாக வெள்ளை ரிபனைத் தலையைச் சுற்றித் தளர்வாகக் கட்டுவாள். இன்றைக்குக் கொஞ்சம் முன்னால் என்றால் நாளைக்குக் கொஞ்சம் பின்னால். ஒரே இடத்தில் உரச விடவே மாட்டாள்.

முதல் நாள் டீச்சர் கேட்டார்: "என்ன டயனா, தலையிடியா?"

"இல்ல டீச்சர். முடி வளர்க்கிறன்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். "வெள்ளை ரிபன்தானே. சரி, இரி."

முடி புருவத்தைத் தாண்டியது. அப்போதுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. கண்ணுக்குள் குத்தியது. சோறு தின்னும்போது வாய்க்குள் வந்தது. "வீட்டுல ஆட்டுக்குட்டி ஒண்டு சோறு தின்னுது" என்றான் யூட்.

அல்பொன்சா சின்னம்மா வேறு புதுக் கத்தரிக்கோலைக் கிளிக் கிளிக் என்று ஆட்டிக்கொண்டு வந்தார். "கொஞ்சமா நேராக்கி விடட்டா புள்ள? நுனி மட்டும்தான்."

டயனா இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ வேணாம் சின்னம்மா! நீங்க தேத்தண்ணி குடியுங்க!"

மாதங்கள் போயின. சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தோய்ந்த தலையைக் காய விட்டுக்கொண்டே, வாடியில் நின்ற அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டு ஓடினாள் டயனா. காற்று ஒரு வீசு வீசியது. முடி முழுவதும் முகத்தை மூடிக்கொண்டது. வழி தெரியவில்லை.

தடார்!

கருவாட்டுப் பரண் சரிந்தது. அம்மா காலையிலிருந்து காயப்போட்ட சாளை மீன் எல்லாம் மணலில் புரண்டன. டயனாவின் காதிலும் ஒரு சாளை தொங்கியது.

"மாதாவே!" அம்மா தலையில் கை வைத்தார். வெயிலில் நின்று நின்று சிவந்திருந்த முகம் இன்னும் சிவந்தது. "போதும் இந்த முடி! திருவிழாவும் வேணாம், ஒண்டும் வேணாம், இண்டைக்கே வெட்டுறன். யூட், கத்தரிக்கோல எடுத்திட்டு வா!"

எப்போதும் கேலி செய்யும் யூட் இப்போது சிரிக்கவில்லை. மெதுவாகப் போனான். அதைவிட மெதுவாகத் திரும்பி வந்தான்.

"கத்தரிக்கோலக் காணல்ல அம்மா."

அவனுடைய காற்சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலின் கைபிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதை இழுத்து எடுத்தார்.

டயனாவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் அவள் ஓடவில்லை.

"முதல்ல மீனப் பொறுக்குவம் அம்மா. நாய் வந்திரும். பிறகு வெட்டுங்க."

மூன்று பேரும் குனிந்து பொறுக்கினார்கள். டயனா ஒவ்வொரு சாளையாகக் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். யூட் பரணை நிமிர்த்திக் கட்டினான். எல்லாம் பழையபடி பரணில் ஏறியபோது அம்மாவின் கோபம் பாதி இறங்கியிருந்தது. ஆனால் கத்தரிக்கோல் இன்னும் கையில்தான் இருந்தது.

டயனா அம்மாவுக்கு முன்னால் மணலில் முழங்காலில் நின்றாள். "வெட்டுங்க அம்மா. ஆனா ஒருக்கா இழுத்துப் பார்த்திட்டு வெட்டுங்க."

எங்கே வெட்டுவது என்று பார்க்க, அம்மா முன்முடியை விரல்களுக்கு நடுவே பிடித்துக் கீழே இழுத்தார். புருவத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார். அங்கே முடியவில்லை. கண்ணைத் தாண்டியது. இன்னும் வந்தது. மூக்கு நுனியைத் தொட்டு நின்றது.

அம்மாவின் கையும் நின்றது.

"இது... மூக்கு வரைக்கும் வந்திட்டே!"

"ஓம் அம்மா."

"இந்த மெல்லிய முடியா?"

"மெல்லிசுதான். ஆனா வளருது. நாங்கதான் ஒவ்வொரு நாளும் அறுத்துப் போட்டிருக்கிறம்."

அம்மா கத்தரிக்கோலை யூட்டிடம் நீட்டினார். "கொண்டுபோய் வை" என்றார். அவன் இந்தத் தடவை ஓட்டமாக ஓடினான்.

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தார். தலையில் கட்டியிருந்த சீலைத் துண்டை மெல்ல அவிழ்த்தார்.

"அப்ப எனக்கு?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி இருந்தது.

டயனா கிட்டப் போய்ப் பார்த்தாள். அம்மாவின் நெற்றியில் அந்தச் சீலை அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. சரியாக அந்தத் தடத்தில்தான் முன்முடி எல்லாம் அறுந்து நின்றது. ஒரே கோடு.

"உங்கட முடியும் வளருது அம்மா. இந்தச் சீலைதான் அறுக்குது."

அம்மா நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இவ்வளவு காலமும் நான் பாவம் அந்த முடிக்கு ஏசிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்!" என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். "எங்க இருந்தடி உனக்கு இந்த மூளை?"

"வலையில இருந்து" என்றாள் டயனா.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் ஒரு வேலை செய்தாள். கட்டையாகிப்போன தன் கிறிஸ்மஸ் சட்டையின் வழுவழுப்பான உள்துணியை வெட்டி எடுத்து, அம்மாவின் தலைச் சீலைக்கு உள்பக்கம் வைத்துத் தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது யூட். ஆட்டுக்குட்டி என்று அவன் ஒரு தடவையும் சொல்லவில்லை.

மார்கழி வந்தது. மாதா கோயில் மணி விடியற்காலையிலேயே அடித்தது. அம்மா டயனாவின் முன்முடியைப் பிரித்து, மெதுவாக, நோகாமல், காதுக்கு மேலே ஒரு சின்னப் பின்னலாகப் பின்னினார். தங்கூசி அளவுதான் இருந்தது அந்தப் பின்னல். ஆனால் பெரிய பின்னலுக்குள் அழகாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. வெளியே ஒரு முடி நீட்டவில்லை. மேலே வெள்ளைப் பூக் கிரீடம் வைத்தார்கள்.

"இதுக்கு நான் ஒரு படம் எடுத்தே ஆகணும்!" என்று அல்பொன்சா சின்னம்மா போனைத் தூக்கினார். "பார்த்தியா, வளரும் எண்டு நான் அண்டைக்கே சொன்னன்."

இனி அம்மாவின் முறை. அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அவருடைய நெற்றியின் மேலே புதிதாக முளைத்த குட்டி முடிகள் எல்லாத் திசையிலும் எழுந்து நின்றன. அம்மாவின் கை வழக்கம்போலச் சீப்பை எடுத்துத் தண்ணீரில் தோய்க்கப் போனது.

"அம்மா! தொடாதீங்க!"

அம்மா திடுக்கிட்டுச் சீப்பை வைத்துவிட்டார். களவு பிடிபட்ட பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

வாசலில் நின்ற அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆர் இது, புதுசா ஒரு ஆள் நிக்குது எங்கட வீட்டுல?"

"போங்க, கோயிலுக்கு நேரமாச்சு" என்று அம்மா அவரை விரட்டினார். ஆனால் மறுபடி ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

சுற்றுப்பிரகாரம் கடற்கரைப் பாதையில் திரும்பியது. பூத் தூவிக்கொண்டே முன்னால் நடந்த டயனா, கூட்டத்தில் அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். கடலிலிருந்து காற்று வீசியது. அம்மாவின் நெற்றியில் குட்டி முடிகள் எல்லாம் கூத்தாடின.

அம்மா அவற்றை ஒதுக்கவே இல்லை.