அடுத்த காம்பராவின் துடிப்பு

ஒரு நிமிடத்தில் அறுபத்தெட்டு எண்ணினாள் லூசியா. அதில் நான்கு அவளுடையவை அல்ல.

அவள் புருஷன் எட்வர்ட் தன் கைக்கடிகாரத்தை அவளுக்காகவே வீட்டில் விட்டுவிட்டுத் தேயிலை மலைக்கு வேலைக்குப் போவான். நொடிமுள் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ண வேண்டும். அறுபதுக்கு மேல் என்றால் வெள்ளை மாத்திரையை விழுங்கலாம். குறைந்தால் அன்றைக்கு அதைத் தொடவே கூடாது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "இது ஒன் நெஞ்சுக்குக் கடிவாளம், லூசியா. ஓடுற குதிரைக்குத்தான் கடிவாளம். தளந்து நடக்குறத இழுத்தா விழுந்துரும்."

அவள் நெஞ்சு ஒழுங்காகத் துடித்த காலம் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. வலைக்குள் விழுந்த குருவிபோல் சில நேரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். பிறகு ஒரு துடிப்பை விட்டுவிட்டு, படி இல்லாத இடத்தில் கால் வைத்ததுபோல் விழுந்து, மறுபடி எழும். விட்ட துடிப்புகளுக்கு அவள் பழகியிருந்தாள். அந்த இடைவெளியில் சுவரிலிருந்து ஒரு சத்தம் வருவதுதான் புதிது.

டொக்.

துடிப்பு எங்கே விழ வேண்டுமோ, சரியாக அங்கே.

எல்லோரும் மலைக்குப் போனபின், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லயம் எப்படி இருக்கும் என்பது நோயாளிகளுக்குத்தான் தெரியும். அணைந்த அடுப்புகளின் வாசம் தகரக் கூரைக்கடியில் தங்கி நிற்க, ஹாலிஎலப் பக்கமிருந்து ஏறிவந்த மூடுபனி கதவிடுக்கு வழியாக நுழைந்து பாயின் ஓரத்தை ஈரமாக்க, தேயிலை ஸ்டோரின் இயந்திர ஓசைகூட அமுங்கிப்போன அந்தக் காலை ஒன்பது மணியில், சுவருக்கு அப்பால் ஒரு விரல் மடங்கினாலும் காதுக்குள்ளேயே கேட்கும்.

அப்பால் யாரும் இல்லை. அது பெரியாயியின் காம்பரா, அதே சுவரை ஒட்டிய அடுத்த அறை. பத்தொன்பது நாளாகப் பூட்டிக் கிடந்தது. அவளை அடித்தே கொன்ற புருஷன் பதுளைச் சிறையில் இருந்தான்.

"எலியா இருக்கும் புள்ள," என்றான் எட்வர்ட், பகல் சாப்பாட்டுக்கு வந்தவன், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"நான் நாடி பாக்குறப்ப மட்டும் தட்டுற எலியா?"

"நாள் முழுக்கக் கடியாரத்தப் பாத்துக்கிட்டே குந்தியிருந்தா, தொரைக்கே இப்பிடித்தான் கேக்கும்." சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் எழுபது. அதற்கு மறுநாள் எழுபத்திரண்டு. சத்தம் இப்போது சுவரில் கேட்கவில்லை. அவள் விரலுக்கடியிலேயே, நாடியோடு நாடியாகத் தட்டியது. எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. எண்ணிக்கை நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பி, பாவம், மாத்திரையை விழுங்கிக்கொண்டே வந்தாள்.

ஐந்தாம் நாள் சோறு குமட்டியது. ஆறாம் நாள் பனி மஞ்சளாகத் தெரிந்தது. வெள்ளையடித்த சுவர் மஞ்சள். எட்வர்ட்டின் பற்கள் மஞ்சள். வேலிக்கம்புகளைப் பிடித்துப் பிடித்து இறங்கி, மருந்து வாங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

டிஸ்பென்சர் ஐயா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை.

"முப்பத்தாறு."

"காலையில எழுபத்திரண்டுங்க ஐயா. சத்தியமா எண்ணினேன்."

"பாதிதான் ஒங்கிட்ட இருக்கு. மிச்சம் யாரோடதும்மா?" சலிப்போடு மாத்திரைப் போத்தலைப் பறித்து மேசைக்குள் வைத்துப் பூட்டினார். "நாளைக்கு விடிய லொறியில பதுள ஆஸ்பத்திரிக்குப் போற. அதுவரைக்கும் அசையாமப் படு. மருந்து மிஞ்சித்தான் ஒனக்குக் கொமட்டுறதும் மஞ்சளாத் தெரியுறதும். இன்னும் ஒண்ணு முழுங்கியிருந்தா நெஞ்சு நின்னிருக்கும்."

ஒரு ராத்திரி. அதைத் தாண்டினால் பிழைத்துக்கொள்வாள்.

எட்வர்ட் அன்று நான்கு மணிக்கே வந்துவிட்டான். பெரியாயி செத்த விடியலைப் பற்றி அவனிடம்தான் முதன்முறையாக வாய் திறந்தாள்.

அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமானதும், முதலில் கண்விழித்தவள் பக்கத்துச் சுவரில் தட்டுவாள். அடுத்தவள் மூன்று முறை திருப்பித் தட்டினால், எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். பதில் வரும்வரை தட்டுவது நிற்காது.

"அன்னைக்கும் தட்டுச்சுங்க. இருட்டோட. நான் பெரியாயிதான் எழுப்புறான்னு மூணு தட்டுத் தட்டினேன். நிக்கல. எந்திரிச்சுட்டேன்டி, சும்மா இருன்னு கத்தி, திரும்பவும் தட்டினேன்."

எட்வர்ட் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"அது அவ கையில்லங்க. அவ தல. அவன் அவ தலையப் புடிச்சு இந்தச் சொவத்துலதான் மோதிக்கிட்டு இருந்தான். எழுப்பி விட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரி நான் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

டொக்.

இந்த முறை எட்வர்ட்டுக்கும் கேட்டது. சுவரில் காதை வைத்தான். எடுத்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"எவனோ உள்ள பூந்துக்கிட்டு ஒன்னச் சாகடிக்கப் பாக்குறான். இன்னைக்கு அவனா நானான்னு பாத்துர்றேன்!"

மூலையில் கிடந்த அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தக் கனத்த கடப்பாரை இஸ்தோப்புத் திண்ணையில் உரசும் ஓசை. பூட்டு உடையும் ஓசை. பிறகு, சுவருக்கு அப்பாலிருந்து அவன் குரல்:

"யாரையும் காணோம் புள்ள! சத்தம் சொவத்துக்குள்ளயே கேக்குது. இடிக்கிறேன்!"

லூசியா மணிக்கட்டைத் தொட்டாள்.

நாடி இல்லை.

கழுத்தைத் தொட்டாள். இல்லை. மார்பில் உள்ளங்கையை அழுத்தினாள். காலி வீட்டின் அமைதி. சுவரில் காதை வைத்தாள்.

உள்ளே ஒரு குருவி படபடத்தது. ஒரு துடிப்பை விட்டது. விழுந்தது. எழுந்தது. இரண்டு வருஷமாக அவள் நெஞ்சுக்குள் கேட்ட அதே நடை.

அடிக்காதீங்க.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அலவாங்கு இறங்கியது. மண்சுவர் அதிர்ந்தது. அவள் விலா எலும்பு ஒன்று தானாக முறிந்தது. இரண்டாம் அடி. முழங்கால் மடிந்தது. வாயில் இரும்புச் சுவை. மூன்றாம் அடியில் அலவாங்கின் முனை சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தது. ஈரமாக. அது பின்வாங்கியதும் சூடான இரத்தம் துளையிலிருந்து பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. நின்றது. பீறிட்டது. தாளமில்லாமல்.

"ஐயோ! லூசியா!"

இரத்தத்தை அடைக்கத்தான் அவன் கையை உள்ளே விட்டிருப்பான். மண்ணுக்கு நடுவே அவன் விரல்கள் தெரிந்தன. துடிக்கும் எதையோ, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் மெதுவாக, வலிக்காமல் பிடித்திருந்தன.

அவள் மூச்சு திரும்பியது. மார்புக்குள் இல்லை; அவன் உள்ளங்கைக்குள் அவள் துடித்தாள்.

"விட்டுராதீங்க," என்றாள்.

"விடமாட்டேன் புள்ள. விடமாட்டேன்."

அப்போது துளையின் மேல்பக்கத்து மண் உதிர்ந்தது. இன்னொரு கை இறங்கி வந்தது. தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய பெண் விரல்கள். மணிக்கட்டுத் தோலுக்குள் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள். அது எட்வர்ட்டின் கையை மேலிருந்து மூடியது.

அவன் விரல்களோடு சேர்த்து, மெல்ல, இறுக்கத் தொடங்கியது.