யாரும் கூப்பிடாத பிள்ளை

“எங்க ஊர்ப் பிள்ளைங்கள யாரு எண்ணினாலும், எத்தன தடவ எண்ணினாலும், ஒன்னு அதிகமாத்தான் வரும்,” என்றார் சாகின், வேனை எண்பதில் ஓட்டிக்கொண்டே முழு முகத்தையும் பின்பக்கம் திருப்பி. “போன வருஷம் ஒரு மந்திரியே வந்து எண்ணிப் பாத்தாரு. மூணு நாளு. கடைசியில கால்குலேட்டர என் கையில குடுத்துட்டு அழுதுகிட்டே போயிட்டாரு.”

பதினைந்து பேர் உட்காரும் அந்த வேனில் இருபத்தாறு பேர், நான்கு தர்பூசணிகள், ஒரு தையல் இயந்திரம், கால் கட்டிய செம்மறிக் கிடா ஒன்று. எல்லோரும் சிரித்தார்கள். கிடாகூட இந்தப் பொய்யைத் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாலாய் மட்டும் சிரிக்கவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் அலுவலகத்தில் பதினோரு வருடம் இருப்பவன். ஆட்களைப் பிசகில்லாமல் எண்ணுவதுதான் அவன் பிழைப்பு.

“ஓடுற பிள்ளைய ரெண்டு தடவ எண்ணியிருப்பாங்க அண்ணே,” என்றான்.

“அப்ப நீயே எண்ணிப் பாரு தம்பி. சரியா வந்துச்சுன்னா ஒரு மாசம் உன்கிட்ட வேன் காசு வாங்க மாட்டேன்.”

“மாசம் முடியறதுக்குள்ள இந்த வேன் முடிஞ்சிரும்,” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

பக்கத்தில் அவன் மனைவி பெர்மெட் ஆறு மாத வயிற்றின் மேல் இரு கைகளையும் வைத்தபடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலாயின் சட்டைப்பையில், குடிபோக ஊர் தேடுவதற்கான ஒரு பட்டியல் மடங்கியிருந்தது. தலைநகரிலிருந்து நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. நடக்கும் தூரத்தில் மழலையர் பள்ளி. மருத்துவமனை. தெருவிளக்கு. பிள்ளைகள் நிறைய இருக்கும் ஊர். கடைசி வரியை மட்டும் அழுத்தி எழுதியிருந்தான்: திறந்த வாய்க்கால் இல்லை.

இரண்டு ஊர்களை ஏற்கெனவே அடித்தாயிற்று. ஒன்றில் மாலை ஆறு மணிக்கே நாய்கள்கூடக் கதவைச் சாத்திக்கொண்டன. மற்றதில் எல்லாம் இருந்தது, வாய்க்காலும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், மலையில் பனி உருகித் தலைநகரின் தெருவோர வாய்க்கால்கள் பொங்கி ஓடிய ஒரு ஏப்ரல் காலையில், அடித்த கைபேசியை எடுப்பதற்காகத் தாலாய் தன் கையிலிருந்த ஒரு சின்னக் கையை விட்டான். நான்கு வயது மகள் நுராயின் கை. ‘சொல்லுங்க’ என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பக்கம் காலியாக இருந்தது. மூன்று தெருக்கள் தள்ளி, வாய்க்கால் தரைக்கடியில் நுழையும் கம்பிகளில் அவளை எடுத்தார்கள். இடது கால் ஷூ கிடைக்கவே இல்லை.

தெரெக்-புலுங் வந்தது. வேனின் கதவு திறந்ததும் ஊரே காதுக்குள் பாய்ந்தது. நான்கு பக்கமும் ஐந்து மாடிக் குடியிருப்புகள், நடுவில் மணல் முற்றம், அதில் ஊஞ்சல், சறுக்குமரம், பிள்ளைகள். மரத்தில் பிள்ளைகள், மதிலில் பிள்ளைகள், குப்பைத் தொட்டியின் மூடிமேல் கூடப் பிள்ளைகள். அந்த இரைச்சலில் வானத்தில் போன விமானம் வழியை மாற்றிக்கொண்டதாகச் சாகின் சத்தியம் செய்தார். ரொட்டிக்கடை வாசலில் சூடான ரொட்டியின் வாசனை, எங்கும் பாப்ளார் மரங்களின் சலசலப்பு, ஓரிடத்திலும் வாய்க்கால் இல்லை.

தாலாய் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தான். பெர்மெட் சறுக்குமரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு, இரண்டு வருடத்தில் முதல்முறையாக, அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

“இந்த ஊருதாங்க,” என்றாள்.

அவன் எண்ணிக்கையை அங்கேயே விட்டுவிட்டான். பட்டியலைக் கிழித்துப் போட்டான்.

செப்டம்பரில் குடிவந்தார்கள். நான்காவது மாடி, முற்றத்தைப் பார்த்த பால்கனி. வந்த அன்றே எதிர்வீட்டுப் புருல்கான் கையில் மாவுப் பாத்திரத்தோடு உள்ளே நுழைந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். அவர்கள் வழக்கப்படி, புது வீட்டில் முதலில் எழ வேண்டியது காய்ந்த எண்ணெயின் மணம். செத்தவர்களுக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் விலாசம். அதன் பிறகு வாராவாரம் வியாழக்கிழமை.

“பேரு சொல்லுங்க தம்பி. ஒவ்வொரு பேருக்கும் ஒரு துண்டு போடணும். கூப்பிட்டா வருவாங்க, மணத்தத் தின்னுட்டு நிம்மதியாத் திரும்பிப் போயிருவாங்க.”

தாலாய் அப்பாவின் பெயரைச் சொன்னான். அம்மாவின் பெயரைச் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் மாவுத்துண்டு எண்ணெயில் விழுந்து சீறி உப்பியது.

“அவ்வளவுதானா?”

பெர்மெட் அவனைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அவன் போட்டிருந்த தடை அது. நுராயின் பெயர் எண்ணெய்ச் சட்டிக்கு மேல் சொல்லப்படக்கூடாது. சொன்னால் அவள் செத்தவர்கள் பக்கத்து ஆள் ஆகிவிடுவாள்.

“அவ்வளவுதான்,” என்றான்.

“நல்லது. பேரு விட்டுப்போச்சுன்னா பாவம், பசியோட வாசல்லயே நிக்கும்,” என்று சொல்லிவிட்டு, புருல்கான் மிஞ்சிய மாவை உருட்டித் தன் பேரனுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அக்டோபரில் பொழுது சீக்கிரம் சாய ஆரம்பித்தது. வேலை முடிந்து ஆறரை வேனில் வந்து இறங்கும் தாலாய், பால்கனியில் தேநீர்க் கோப்பையோடு நிற்பான். அந்த நேரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வானம் நீலம் கறுக்கும்போது நான்கு பக்கத்துப் பால்கனிகளிலிருந்தும் தாய்மார்கள் எட்டிப் பார்த்து, ஒவ்வொருத்தியாகத் தன் பிள்ளையின் பெயரை இழுத்துக் கூப்பிடுவார்கள். கூப்பிடக் கூப்பிட முற்றம் காலியாகும். ஒரு பெயருக்கு ஒரு பிள்ளை, ஒரு பிள்ளைக்கு ஒரு கதவுச் சத்தம். இவ்வளவு சுத்தமான கணக்கெடுப்பை எந்த அலுவலகமும் நடத்தியதில்லை. சாகின் அண்ணனின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று தாலாய் நினைத்தான்.

முதல் நாள் எண்ணினான். முற்றத்தில் முப்பத்தொன்று. பெயர்கள் முப்பது.

ஒருத்தி இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக் கூப்பிட்டிருப்பாள். மறுநாள் எண்ணினான். இருபத்தேழு. பெயர்கள் இருபத்தாறு. மழை பெய்த அன்று ஆறு. பெயர்கள் ஐந்து.

“என்ன தம்பி, ஒரு மாசம் ஓசி வேனா?” என்று காலையில் சாகின் கண்ணாடி வழியே கேட்டார்.

“இன்னும் எண்ணி முடிக்கல அண்ணே.”

“மந்திரியும் இதத்தான் சொன்னாரு.”

அடுத்த மாலை அவன் மேலே போகவில்லை. முற்றத்தின் ஓரத்தில் பாப்ளார் மரத்தடியில் நின்றான். காலடியில் உதிர்ந்த இலைகளின் ஈர வாடை, எங்கோ வறுபடும் வெங்காயம், ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சொலி, தலைக்கு மேல் ஒவ்வொன்றாகத் திறக்கும் பால்கனிக் கதவுகள். பெயர்கள் விழுந்தன. பிள்ளைகள் ஓடின. கதவுகள் அடித்துச் சாத்திக்கொண்டன. கடைசிப் பெயர் புருல்கானின் பேரனுடையது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனான். ஊஞ்சல் நின்றது.

சறுக்குமரத்தின் அடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பிள்ளை நின்றது.

மேலே நான்கு பக்கமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பால்கனி விடாமல், மெதுவாக, வரிசையாக. யாரும் கூப்பிடவில்லை. அதன் தோள் இறங்கியது.

தெருவிளக்கு எரிந்தது. தாலாய் கண் இமைத்தான். யாரும் இல்லை.

மணலில் ஈரம் மட்டும் இருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தான். வலது காலுக்கு ஒரு ஷூவின் தடம். இடது காலுக்கு ஐந்து சின்ன விரல்கள்.

அன்றிலிருந்து படிக்கட்டில் ஒரு வாடை இருந்தது. பனித்தண்ணீரும் அழுகிய இலையும் துருப்பிடித்த கம்பியும் கலந்த வாடை. முதலில் கீழ்த்தளத்தில். இரண்டு நாள் கழித்து முதல் மாடியில். பிறகு இரண்டாவதில். அதற்கு மேல் ஏறவில்லை. எந்த வீடு என்று தெரியாமல் நிற்பது போல அங்கேயே நின்றது.

வியாழக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தபோது மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. மூன்றாவது சின்னது. நீலப் பூப் போட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டதாக அவன் நினைத்திருந்தான்.

“பெர்மெட். இது யாருக்கு?”

அவள் திரும்பவில்லை. “முதல் நாளே பாத்துட்டேங்க. நீங்க எண்ணிட்டு நின்னீங்க. நான் பாத்துட்டேன். சறுக்குமரத்துக்கிட்ட. அதான் இந்த ஊருன்னு சொன்னேன்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா, அடுத்த ஊரப் பாக்கலாம்னு சொல்லியிருப்பீங்க.”

வெளியே பால்கனிகள் திறக்கத் தொடங்கின. முதல் பெயர் விழுந்தது.

“தினமும் நிக்கிறா,” என்றாள். “தினமும் அண்ணாந்து பாக்குறா. எல்லாருக்கும் ஒரு அம்மா கூப்பிடுறாங்க. நான் இங்க மேல நின்னுகிட்டு வாயப் பொத்திக்கிறேன். நீங்க சொல்லக்கூடாதுன்னீங்களேன்னு.” வயிற்றைத் தடவினாள். “இன்னும் ரெண்டு மாசத்துல இதக் கூப்பிடப் போறேன். அதையும் கேட்டுகிட்டுக் கீழ நிப்பாளா?”

அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பசியோடு வாசலில் நிற்க வைத்தது யார் என்று. எண்ணெயில் அவள் பெயரைச் சொல்லியிருந்தால் தின்றுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள். இரண்டு வருடம். நூறு வியாழக்கிழமை.

“இரு,” என்றான். “இப்பவே. எண்ணெய் வைக்கிறேன். பேரச் சொல்றேன். நானே சொல்றேன்.”

அடுப்படிக்கு ஓடினான். சட்டியை வைத்தான். எண்ணெய் ஊற்றினான். அவசரத்தில் பாதி வெளியே கொட்டியது. மாவைக் கிள்ளினான். எண்ணெய் காய்ந்தது. மணம் எழுந்தது. புகை எழுந்தது.

வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை.

சொன்னால் வருவாள். தின்பாள். போய்விடுவாள். ஒரேயடியாக. இன்னொரு தடவை அவன் கையை விட வேண்டும்.

மாவு விரலில் ஒட்டியது. வெளியே பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. புருல்கானின் பேரன். கதவு. அமைதி.

பால்கனிக் கதவு திறந்தது. பெர்மெட்டின் குரல், தெரெக்-புலுங்கின் எல்லாத் தாய்மாரின் குரலைப் போலவே, சாதாரணமாக, கொஞ்சம் கோபமாக, நீளமாக முற்றத்துக்கு மேல் போனது.

“நுரா…ய். இருட்டிருச்சு. மேல வா கண்ணு.”

கீழே கதவு ஒன்று சாத்திக்கொண்டது.

படிக்கட்டு. டக். ஒரு ஷூ. சளக். ஒரு வெறுங்கால். டக். சளக். முதல் மாடி. இரண்டாவது. அங்கே நிற்கவில்லை. மூன்றாவது. அவன் அடுப்பை அணைத்தான். அணைத்தது ஏன் என்று தெரியவில்லை. டக். சளக்.

பெர்மெட் வாசல் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. தரை விரிப்பின் மேல் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வலது. இடது. வலது. அவளைத் தாண்டின. மேசையையும் நீலப் பூக் கோப்பையையும் தாண்டின. அடுப்படிக்குள் வந்தன. அவன் முன்னால் நின்றன.

பனித்தண்ணீர் போல ஜில்லென்று, சின்னதாக, ஒரு கை அவன் கைக்குள் நுழைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

பெர்மெட் வாசலில் சாய்ந்து அழுதாள்.

“இந்தத் தடவ விட்றாதீங்க,” என்றாள்.

விடியும்வரை அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். விடிந்தும் அந்தக் கை விடவில்லை. இடக்கையால் முகம் கழுவினான். பெரிய வயிற்றோடு பெர்மெட் குனிந்து அவன் ஷூக் கயிறுகளைக் கட்டிவிட்டாள். பிறகு கொஞ்சம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில், இன்னொரு சின்னக் கயிற்றையும் கட்டுவது போல விரல்களை அசைத்தாள்.

ஏழு மணி வேன். அன்று முப்பது பேர் இருந்திருப்பார்கள். மூச்சு விட ஒருவர் வெளியே இறங்க வேண்டும் என்கிற கூட்டம். தாலாய் வலது கையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, மூடியபடி, மெதுவாகப் படியேறினான். ஒரு சின்ன ஆளின் நடைக்கு ஏற்ற வேகத்தில். சாகின் அவனுக்கு வணக்கம் சொல்ல வாயெடுத்தவர் படியைப் பார்த்தார். அவனுடைய தடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஈரத் தடங்கள். கதவைச் சாத்த மற்ற நாட்களைவிட வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

நிற்க இடமில்லாத அந்த வேனில் அவன் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. இருக்கையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் அவன் கைபேசி அடித்தது. வலது பக்கச் சட்டைப்பையில். அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. மூடிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தக் கையும் இறுக்கியது. விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. அவனுடைய விரல்கள்.

சாகின் இந்த முறை பின்பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

“எத்தனப்பா வந்துச்சு?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நீங்க சொன்னது நெசந்தான் அண்ணே,” என்றான் தாலாய். “ஒன்னு அதிகமாத்தான் வருது.”