மாலையில் இறங்கிய கோடு

வலியே இல்லாமல் போய்விட்ட ஊரில் தைலம் வாங்குவது பெரும்பாடு. கிறிசோஸ்தம் தூத்துக்குடி முழுக்க அலைந்து வாங்கிய பாட்டில் அடிமட்டத்துக்கு வந்த நேரத்தில், அவர் மனைவி ரோசலினின் தண்டுவடத்தருகே நோவடக்கியைப் பொருத்தினார்கள். ஊரில் பெரும்பாலோர் முதுகில் இருக்கும் மெல்லிய கம்பிதான். அதன் மின்துடிப்பு, வலி மூளைக்கு ஏறும் வழியிலேயே அதை மடக்கிவிடும்.

ஆனால் முதல் வாரம் வெறும் வெள்ளோட்டம். வலி பாதியாவது குறைய வேண்டும். வேறு எந்த வைத்தியத்துக்கும் கேட்காத வலியாகவும் இருக்க வேண்டும். யாருக்குக் கருவி என்று தீர்மானிக்கும் இயந்திரமான தகுதிமானி இரண்டும் சரியென்றால்தான் கம்பி நிரந்தரம். இல்லாவிட்டால் உருவிவிடுவார்கள்.

ரோசலின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏணியிலிருந்து விழுந்தபின் அறுவை சிகிச்சை செய்தும் முதுகு தேறவில்லை. அன்றிலிருந்து மாலையானால் அவர் குப்புறப் படுப்பார், கிறிசோஸ்தம் தைலம் தேய்ப்பார். அப்போதுதான் ரோசலினுக்குப் பேச்சு வரும். உச்சியிலிருந்து பார்த்த கப்பல்கள், மழைக்கு முன் கறுக்கும் கடல், கண்ணாடியைக் கொத்திய காக்கை, கீழே சைக்கிளோடு நின்று தனக்குக் கையாட்டிய ஒல்லிக் குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா கிறிசோஸ்தம்தான். ஆனாலும் யாரோ ஒருவன் கதையைப்போல ஒவ்வொரு முறையும் ஆவலாகக் கேட்பார். மற்ற நேரமெல்லாம் உப்பு, புளி பற்றித்தான் பேச்சு. என்ன அருமையான மாலைகள் அவை!

வாரம் முடிந்ததும் மருத்துவர் பியூலா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "பகல்லெல்லாம் வலி பூஜ்யம். சாயங்காலம் மட்டும் கருவி அணைஞ்சிருக்கு. யாரும்மா அணைச்சது?"

ரோசலின் முந்தானையைத் திருகினார். "நாந்தான், டாக்டரம்மா."

"ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார் கிறிசோஸ்தம். "கருவிதான் சரியில்லன்னுல்லா நெனச்சேன்!"

"வலிச்சாத்தான நீங்க பக்கத்துல வருவீய."

பியூலா தொண்டையைச் செருமினார். திரையில், அணைத்ததும் ஏறிய வலிக்கோடு சற்று நேரத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தகுதிமானி தீர்ப்பை வாசித்தது: "வேறு வைத்தியம் பலன் தருகிறது. நோவடக்கிக்குத் தகுதியில்லை. அந்த வைத்தியத்தையே தொடரவும்."

"அது என்ன வைத்தியம்?" என்று கேட்டார் பியூலா.

கிறிசோஸ்தம் கொஞ்சம் பெருமையோடு கைகளைக் காட்டினார். அவற்றையும் சோதிக்க வேண்டுமென்றது தகுதிமானி. உள்ளங்கைகளை அதன் தட்டில் வைத்ததும் வலியைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. விரல் மூட்டுகளில் கடுமையான வலி, அதுவும் நாள்பட்ட வலி.

ரோசலின் முள்ளையும் அவர் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்புட்டு நாளா இது?"

"சொன்னா தேய்க்க விடமாட்ட. பெறவு அந்தக் கப்பல் கதையெல்லாம் யாருட்ட சொல்லுவ?"

ரோசலின் அவர் விரல்களைப் பற்றி ஒவ்வொன்றாய் நீவினார். தட்டின்மீதே நீவியதால் முள் மெல்ல இறங்கிப் பாதியைத் தாண்டியது.

"இவருக்கும் தகுதியில்லை" என்றது தகுதிமானி.

"அது சொன்னா சொன்னதுதான். நான் மாத்த முடியாதும்மா" என்று பியூலா கம்பியை உருவ ஏற்பாடு செய்யச் சொன்னார். முதிய தம்பதி இருவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ரோசலின் காக்கைக் கதையைத் தொடங்கியிருந்தார்.

பியூலாவின் முதுகிலும் ஒரு நோவடக்கி இருந்தது. பொருத்திய நாளிலிருந்து வலி எட்டிப் பார்த்ததில்லை. அதன்பிறகு யாராவது தன்னைத் தொட்டார்களா என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.