கேட்காமல் வந்த ஓகே

தட்டாமலே பதில் வந்திருந்தது.

தனசேகரன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் அவன் செய்த போர்டு செருகியிருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. நடுவில் ஒரே சிப், அதற்குள் ஃபோர்த் என்னும் பழைய கணினி மொழி. ஒரு கட்டளையைத் தட்டினால் செய்து முடித்துவிட்டு ‘ஓகே’ என்று ஒற்றை வார்த்தை சொல்லும். கேட்டால்தான் சொல்லும். இப்போது யாரும் கேட்கவில்லை.

காவலூரில் மத்தியானமே இறங்கிய பனிமூட்டம் பொழுது சாயும் நேரத்தில் ஜன்னல் கம்பிவரை வந்து நின்றது. உருகிய ஈயத்தின் கருகல் வாடைக்கு அடியில் வேறொரு வாடை. மேசை ஓரத்தில் சாமைச் சோறு கிண்ணத்தோடு ஆறிப்போய்க் கிடந்தது. அருகே காகிதத்தில் மடித்த திருநீறு. அவற்றைப் பார்த்த பிறகுதான் அவனுக்குக் காலை நேரம் நினைவுக்கு வந்தது.

சம்பூர்ணம் அக்கா. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பவள். காலையில் சோறு கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள்.

“இன்னா தம்பி, மூட்டப்பூச்சி சைஸுல இருக்குது? இதுக்கா சோறு தண்ணி இல்லாம கெடக்கற? வேல நல்லா வரணும்னு முருகனாண்ட வேண்டிக்கினேன்.” சிரித்தவள் மார்பைப் பிடித்துக்கொண்டாள். “மூச்சு வுட முடியலப்பா. ஆஸ்பத்திரி வரிக்கும் வண்டில இட்டுனு போறியா?”

“பத்து நிமிஷம்க்கா. சிப்ப ஈயம் வச்சு ஒட்டிட்டு வர்றேன்.”

“சரி தம்பி.”

பிறகு சுவரைத் தட்டினாள். “இதோ வந்துட்டேன்க்கா” என்று தலை நிமிராமல் கத்தினான். மறுபடி தட்டினாள். மறுபடி கத்தினான். அதே “சரி தம்பி”, கொஞ்சம் மெலிந்து. கடைசித் தட்டல் அவனுக்குக் கேட்டது. கேட்காததுபோல இருந்துவிட்டான். அப்போதுதான் போர்டு முதல்முறையாகப் பேசியிருந்தது.

காது மடல் சுட்டது. சோறு போட்டவளுக்குப் பத்து நிமிஷம் கொடுக்கவில்லை. இனி எந்த முகத்தோடு போவது? “இதோ வந்துட்டேன்க்கா” என்று சுவரிடம் முணுமுணுத்தான்.

திரையில் ஓகே.

போர்டைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தான். “அக்கா?”

ஓகே.

அவள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை. வாரிய தலை. மடியில் பை. செருப்புகூட மாட்டியிருந்தாள். விரல்கள் சுவரில் மடங்கியபடி. தொட்டான். சில்லிட்டிருந்தது. விறைத்திருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். பழகிய பொய்தான் வந்தது.

“வண்டி எடுத்துனு வர்றேன்க்கா.”

ஓடினான். தப்பித்துப் போகத்தான். வண்டியை உதைத்தான். விளக்கில் வெறும் பனி.

பின்சீட் மெல்ல அமுங்கியது.

ஒருபக்கமாக உட்காரும் பெண்கள் பிடிப்பதுபோல ஒரு கை அவன் தோளைப் பற்றியது. விரல்கள் மடங்கியே இருந்தன. முதுகில் பை உரசியது.

காதருகே, மூச்சே இல்லாமல்.

“சரி தம்பி.”