கருடப்பாறைத் தடம்

அன்று காலையில் எட்டாவது வளைவு மறுபடியும் இடம் மாறியிருந்தது. நேற்று வரை பலாத்தோப்பைச் சுற்றிக்கொண்டு சமர்த்தாகப் போன சைக்கிள் தடம், இன்று தோப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கருடப்பாறையின் விளிம்பை நோக்கி இறங்கியது. மண் இன்னும் ஈரமாக, புதிதாகப் பூசிய தரை மாதிரி இருந்தது.

பூங்கோதைக்கு அது பிடிக்கவில்லை. நெடுங்கரடு மலையின் தடங்களை வடிவமைத்தவள் அவள்தான். பெற்ற பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் ஊர் சுற்றப் போனது போலிருந்தது.

“நல்லாத்தானக்கா இருக்குது?” என்றான் அவள் தம்பி ரங்கராசு. தடங்களைக் காவல் பார்ப்பது அவன் வேலை. “சனங்க கத்தற கத்துல மலையே அதிருது. நான் போயி ஓரத்துல கவுறு கட்டிப்போட்டு வந்தர்றேன்.”

“பாத்துப் போடா ராசு. பாறைக்கிட்ட எறங்கித் தள்ளிட்டுப் போ.”

“செரி, செரி” என்றவன் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி மிதித்தான். பனிமூட்டத்துக்குள் அவன் சட்டை மறைந்தது.

இந்த மலையின் தடங்கள் எல்லாம் வளர்மண்ணால் ஆனவை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுழவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். மண்ணைத் துகள் துகளாகப் பெயர்த்து, நகர்த்தி, இறுக்கித் தடத்தைத் தாங்களே போடும் எந்திரங்கள். மழை அரித்த பள்ளத்தை அடைப்பார்கள், மரம் வேர் விட்டால் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் எப்படிப்பட்ட தடம் வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமே. பயணிகளே சொல்லட்டும் என்று மலைச் சுற்றுலாக் குழு முடிவு செய்தது. சிக்கலே அங்கேதான் வந்தது. நம் ஆட்கள் விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லையென்றாலும் பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போகிறவர்கள். சங்கிலி அறுந்து, முட்டி பெயர்ந்து, சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்த மனிதர்கூட, எப்படி இருந்தது என்று கேட்டால் “சூப்பருங்க” என்றுதான் சொன்னார். எல்லாமே சூப்பர் என்றால் நுண்ணுழவர்கள் எதைக் கற்றுக்கொள்வது?

“வாயைக் கேட்டா எப்பிடீங்க நெசம் வரும்? நெஞ்சைக் கேப்போம்” என்று கூட்டத்தில் யோசனை சொன்னவள் பூங்கோதை. அப்படித்தான் நாடிப்பிடி வந்தது. சைக்கிளின் கைப்பிடி, பற்றியிருக்கும் உள்ளங்கையில் இதயத் துடிப்பை அளந்து மண்ணுக்குச் சொல்லும். துடிப்பு எகிறினால் அந்த இடத்தின் துள்ளல் எண் கூடும். துள்ளல் கூடிய இடத்துக்கு நுண்ணுழவர்கள் ஓடிப் போய் இன்னும் மெருகேற்றுவார்கள். அந்த வடிவத்தைச் செய்தியாக்கி மலை முழுவதும் அனுப்புவார்கள், மற்றத் தடங்களும் அதைப் பார்த்து மாறும். வந்தவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப வந்தார்கள். பூங்கோதையை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

காவல் குடிலுக்குப் போய்ப் பலகைத் திரையில் எட்டாவது வளைவின் பதிவைத் திறந்தாள். நேற்றைய துள்ளல் எண்களில் ஒன்று மட்டும் பனைமரம் போல மற்ற எல்லாவற்றையும் தாண்டி நின்றது. யாருடையது என்று பார்த்தாள். சேலத்திலிருந்து வந்த ஒரு பெண். பூங்கோதைக்கு ஆள் நினைவுக்கு வந்தாள். தோப்புப் பக்கம் திரும்பத் தவறித் தடத்தை விட்டு ஓடி, முன்சக்கரம் கருடப்பாறை விளிம்பைத் தாண்டித் தொங்கி, புதரைப் பிடித்துப் பிழைத்தவள். கீழே வந்து உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் மேலெல்லாம் கொட்டிக்கொண்டாள். அப்போதும் கேட்டதற்கு “சூப்பர்” என்றுதான் சொன்னாள்.

பூங்கோதைக்கு அப்போதுதான் விளங்கியது. நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று மட்டும்தான் மண்ணுக்குத் தெரியும். எதற்காக அடிக்கிறது என்று தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்று நாடிப்பிடியை வைத்தபோது அவளுக்கும் தோன்றவில்லை.

தம்பியைக் கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. குழுத் தலைவர் சென்னியப்பனைக் கூப்பிட்டாள். எல்லா நுண்ணுழவர்களையும் ஒரே நேரத்தில் உறங்க வைக்கும் விசை அவர் அறையில் இருந்தது.

“தலைவரே, மண்ணை நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க. அது சனங்க பயப்படறதச் சந்தோசம்னு நெனச்சுட்டிருக்குது.”

“அம்மிணி, தொடர் லீவு. மேக்கால குடும்பத் தடத்துல மட்டும் எத்தன பேரு இருக்கறாங்க தெரியுமா? திங்கக்கெழம நிதானமாப் பேசிக்கலாம்.”

“என்ற தம்பி உள்ள போயிருக்கறானுங்க!”

“அவன் இந்த மலைலயே பொறந்து வளந்தவன், அவனுக்கு என்ன ஆகப்போகுது? ஒரு பத்து நிமிசம் பொறுங்க, கூட்டத்துல இருக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

பூங்கோதை சைக்கிளை எடுத்துக்கொண்டு விழுந்தடித்து ஓட்டினாள். இறக்கத்தில் பனி முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரத்தில் ஓரத் தடுப்பு மேடு தாழ்ந்துகொண்டே வந்தது, பிறகு இல்லாமலே போனது. முன்பெல்லாம் ஒரு வளைவு மாற மாதக்கணக்கில் ஆகும். இப்போது சக்கரத்துக்கு முன்னாலேயே மண் சரசரவென்று பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. அவள் பயந்தாள். பயந்ததால் தடம் இன்னும் குறுகியது. குறுகியதைப் பார்த்து அவள் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. சட்டென்று புரிந்துபோய்க் கீழே குதித்து, கைப்பிடியைத் தொடாமல் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள். மண்ணின் சரசரப்பு நின்றது.

“அக்கா!”

கருடப்பாறைக்குக் கீழே, விளிம்புக்கு அப்பால் ரங்கராசு தொங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய சைக்கிள் ஒரு வேரில் குறுக்காகச் சிக்கியிருந்தது. அதன் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான், உயிர் அதில்தான் இருந்தது. கால்களுக்குக் கீழே பள்ளத்தாக்கின் பனி மட்டும்தான். வேரைச் சுற்றியிருந்த மண் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து அவன் தலைமேல் விழுந்தது.

“நான் அசையவே இல்லக்கா. மண்ணு தானா எறங்குது!”

அவன் நாடியைக் கேட்டு நுண்ணுழவர்கள் வேலை செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. கையை விடு என்று சொல்ல முடியாது. பயப்படாதே என்று சொன்னால் தொங்குகிறவன் கேட்பானா? கயிற்றுச் சுருள் அவன் தோளிலிருந்து நழுவிப் பள்ளத்துக்குள் போய்விட்டிருந்தது. அவள் படுத்துக்கொண்டு கையை நீட்டினாள், எட்டவில்லை. அவன் ஒரு காலை ஊன்றி எழும்பினால் எட்டும். ஆனால் ஊன்ற நினைக்கும் இடமெல்லாம் உதிர்ந்தது.

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. நுண்ணுழவர்கள் துள்ளல் அதிகமான இடத்துக்குத்தான் ஓடுவார்கள். ராசுவைவிட அதிகமாக வேறு ஒருத்தர் பயப்பட வேண்டும்.

அந்தப் பயம் செய்தியாகி மலை முழுக்கப் போகும், மற்றத் தடங்களும் இப்படியே விளிம்புக்குச் சாயும் என்பது அவள் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. மேற்கே குடும்பத் தடத்தில் யார் யாரெல்லாம் போய்க்கொண்டிருப்பார்கள் என்பதும் வந்தது. அதற்குள் தலைவர் விசையை அழுத்திவிடுவார், அழுத்தாமல் இருப்பாரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணெதிரே தம்பி தொங்கும்போது அதற்கு மேல் யோசிக்க அவளால் முடியவில்லை.

வளைவின் மறு முனைக்குச் சைக்கிளை இழுத்துப் போய் ஏறி உட்கார்ந்து, நாடிப்பிடியை இறுகப் பற்றி, முன்சக்கரத்தை விளிம்புக்கு அப்பால் தள்ளினாள். சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. அதற்குக் கீழே எதுவுமே இல்லை. அம்மா, அம்மா என்று வாய்விட்டு அலறினாள், நடிப்பெல்லாம் இல்லை. நாக்கு வறண்டது, காதுக்குள் இடி இடித்தது. அவள் ஊன்றியிருந்த காலுக்கடியில் மண் சரியத் தொடங்கியது.

அந்தப் பக்கம் மண் உதிர்வது நின்றது.

“ராசு! இப்ப கால ஊனு! ஊனிப் பாரு!”

முழங்காலை வைத்தான், மண் தாங்கியது. வேரைப் பிடித்தான், பாறை விளிம்பைப் பிடித்தான், வயிற்றால் ஊர்ந்து மேலே வந்து விழுந்தான். பூங்கோதை கைப்பிடியை விட்டுப் பின்னால் சாய்ந்து விழுந்தாள். சைக்கிள் தனியாகப் பனிக்குள் இறங்கிப் போனது. அது எங்கேயோ மோதும் சத்தம் வெகு நேரம் கழித்து வந்தது.

ராசு தவழ்ந்து வந்து அவள் தோளைப் பிடித்தான். இருவரும் அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். உயிரோடு இருப்பது அவ்வளவு நன்றாக இருந்தது. அவள் போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் மண் அடங்கிக் கிடந்தது. இங்கே கைப்பிடியைப் பற்றியிருக்க யாரும் இல்லை.

அப்போது மேற்குச் சரிவிலிருந்து கூச்சல் எழுந்தது. ஒன்றல்ல, பல குரல்கள். ஆண்கள், பெண்கள், நடுவே சின்னஞ்சிறு குரல்களும். ஓய்ந்து, மறுபடி இன்னும் உரக்க எழுந்தது.

ராசு சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான். “அக்கா, அவங்க சந்தோசமாத்தான் கத்தறாங்க, இல்ல?”

பூங்கோதை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு குரலாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை.